கிடார் தம்பிக்கு மட்டும்தானா?

கிடார் என்றதும், தோழியரே, உங்கள் மனக்கண்முன் வந்து நிற்பவர் யார்? நெற்றியில் முடி புரள, ஒரு காலை நாற்காலியின்மேல் ஊன்றி நிற்கும் ஓர் இளைஞர்தாமே? மேனிலை வகுப்புத் தோழியர் பலரிடம் இதைக் கேட்டுப் பார்த்தோம். பெரும்பாலோர் சினிமாக் கதாநாயகர் ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் "எங்கள் அண்ணன்" என்றாள். "நான்" என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை.

இத்தனைக்கும் இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் நம் கடற்கரைப் பகுதியில் கிடாருக்குப் பஞ்சமே இல்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கே குடியிருந்தன. அவர்கள் வீட்டு விருந்துகளில் கிடார் ஒலித்தது. பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) நடந்து, திருப்பலி தாய்மொழிக்கு வந்தது. பாடகர் குழுவில் ஆர்மோனியத்தின் அருகே கிடாருக்கும் ஓர் இடம் கிடைத்தது. இன்று டிசம்பர் இரவுகளில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கீதம் பாடி வரும் குழுக்களில் கிடார் இல்லாத குழுவைக் காண்பது அரிது.

ஆனால் அந்தக் கிடார் யார் தோளில் தொங்குகிறது? பாடுவது பெண் பிள்ளைகள். வாசிப்பது ஆண் பிள்ளைகள். இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எவரும் சட்டம் போடவில்லை. எங்களுள் ஒருத்தி ஒரு பங்கின் பாடகர் குழுவில் கிடார் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, "நீதான் நன்றாகப் பாடுகிறாயே அம்மா, உனக்கு அது எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசலாம். பாராட்டி மறுப்பவர்களிடம் என்ன பேசுவது?

இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்தில் கிடார் வாசிப்பது என்றால் மூன்று நான்கு 'கார்டு'களைப் பிடித்து, பாட்டின் தாளத்துக்கேற்பக் கையை மேலும் கீழும் ஓட்டுவது என்றே ஆகிவிட்டது. அது தவறன்று. பாடுவோருக்குத் துணையாக நிற்பதும் நல்ல தொண்டே. ஆயினும் ஆறு தந்திகளும் அழகான குரலும் உடைய ஒரு வாத்தியத்தைக் காலமெல்லாம் பாட்டுக்குப் பின்னால் நிற்க வைத்திருக்கிறோம். கிடார் தானே பாடக்கூடியது. பல கிடார்கள் ஒன்றுகூடினால் பாடகரே இல்லாமல் ஒரு முழு இசைக்குழு ஆகக்கூடியது. இதைச் செய்து காட்டிய ஊர்களுள் கியூபாவின் தலைநகரான ஹவானா முக்கியமானது.

ஹவானா நமக்கு அவ்வளவு அந்நியமான ஊரன்று. அதுவும் துறைமுகப் பட்டினம். அதன் விரிகுடாக் கரையிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நின்று புகை விடுகிறது. அக்கரையில் ரெக்லா என்னும் பகுதி துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் வாழ்ந்துவரும் பேட்டை. கியூபா நாடு முழுவதிலும் மக்கள் சுமார் ஒரு கோடிப் பேர்தாம். நம் சென்னைப் பெருநகரத்துக்கு ஏறத்தாழ ஈடு. 1962இல் அமெரிக்கா விதித்த வணிகத் தடை இன்னும் நீங்கவில்லை. கிடாருக்குப் புதிய தந்தி வாங்குவதே அங்கே பெரும்பாடு. அத்தகைய நாட்டிலிருந்துதான் உலகக் கிடார் கலைஞர்கள் மதிக்கும் ஒரு மரபு தோன்றியது.

அந்த மரபின் வேரில் ஒரு பெண்மணி இருக்கிறார் என்பதை அறிந்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அவர் பெயர் கிளாரா ரொமேரோ. 1930களில் ஹவானா நகராட்சி இசைக் கல்லூரியில் கிடாரை முறையாகக் கற்பித்தவர். அவருடைய மகன் ஐசக் நிக்கோலா அன்னையிடம் கற்று, பின் பாரிசு சென்று எமிலியோ புஹோலிடம் பயின்று திரும்பி, ஹவானாவில் ஆசிரியரானார். அந்த நிக்கோலாவின் மாணவர்தான் 1939இல் பிறந்த லியோ புரௌவர். இன்று உலகெங்கும் கிடார் மாணவர்கள் அவருடைய எளிய பயிற்சித் துண்டுகளை வாசித்துத்தான் விரல் பழக்குகிறார்கள். 1982இல் ஹவானாவில் பன்னாட்டுக் கிடார் விழாவைத் தொடங்கியவரும் அவரே. நிக்கோலாவின் இன்னொரு மாணவரான ஹேசுஸ் ஒர்த்தேகா, 'சொனாந்தாஸ் ஹபானேராஸ்' என்னும் கிடார் குழுவை உருவாக்கி நடத்தினார். சொனாந்தா என்பது கிடாரைச் செல்லமாகக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லாம். ஒரு தாய் தொடங்கி வைத்த வகுப்பு ஒரு நாட்டின் இசையாகவே விரிந்திருக்கிறது.

நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழு என்றுதான் பொருள். ஆகவே கிடார் குழு என்பது எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விளக்கவேண்டும்.

தனியாக ஒருவர் கிடார் வாசிக்கும்போது, மேலே மெட்டு, நடுவே சுரக்கூட்டு, கீழே மந்திரத் தந்திகளின் நடை ஆகிய மூன்றையும் அவருடைய பத்து விரல்களே பார்த்துக்கொள்ளவேண்டும். அதனால்தான் முறையான கிடார் கடினம் என்கிறார்கள். குழுவிலோ இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வாசிப்பவர்களை மூன்று நான்கு பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மெட்டு, ஒரு பிரிவுக்கு உடன்செல்லும் குரல், ஒரு பிரிவுக்கு அடித்தளம் என்று கொடுத்துவிடுகிறார்கள். சில குழுக்களில் உச்ச சுரங்களுக்கென்று சிறிய கிடாரும், மந்திர சுரங்களுக்கென்று பெரிய கிடாரும் உண்டு. ஒவ்வொருவர் கையிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரி. ஆறு மாதமே கற்றவளுக்கும் அதில் உண்மையான வேலை உண்டு. அவள் விட்டுவிட்டால் பாட்டில் ஓட்டை விழும்.

கிடாருக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. மீட்டிய சுரம் உடனே தேயத் தொடங்கிவிடும். வயலினைப்போல இழுத்து நிறுத்த முடியாது. ஒலியும் மெல்லியது. இருபது பேர் சேரும்போது அந்தக் குறையே அழகாகிவிடுகிறது. ஒருவருடைய சுரம் தேயும் இடத்தில் அடுத்தவருடையது பிறக்கிறது. புரௌவர் 1984இல் எழுதிய 'மழையில் கியூப நிலக்காட்சி' என்னும் துண்டைக் கேட்டால் இது புரியும். முதலில் அங்கொரு சொட்டு, இங்கொரு சொட்டு. பிறகு சொட்டுகள் நெருங்குகின்றன. எந்தச் சொட்டு எவர் தந்தியிலிருந்து விழுந்தது என்றே தெரியாமல் மழை கொட்டித் தீர்க்கிறது. நான்கு கிடார்களோடும் வாசிக்கலாம், பெருங்குழுவோடும் வாசிக்கலாம். அவர் 1979இலேயே கிடார் குழுவுக்கென்று தனியாக ஒரு படைப்பு எழுதியவர். அந்த மழைத் துண்டை இணையத்தில் கேட்டபோது எங்களுள் எண்ணூர்க்காரி ஒருத்தி, "இது அழகான மழை; எங்கள் வீட்டுக்குள் வந்த மழை அன்று" என்றாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர், எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த மழைக்கும் யாரேனும் நம்மூரில் இருபது கிடார்களுக்கு ஓர் இசை எழுதலாமே என்று தோன்றியது.

கியூபாவில் எல்லாம் பொன்னுலகம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அந்நாட்டு அரசியலை எடைபோடும் அறிவும் எங்களுக்கில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1961இல் அங்கே தேசியக் கலைப் பள்ளிகளை அமைக்க முடிவு செய்தபோது, செல்வந்தர்கள் கோல்ஃப் ஆடிய மைதானத்தை எடுத்து அங்கே கட்டினார்கள். கட்டணமின்றிக் கற்பித்தார்கள். சோவியத் நாடு சிதறியபின் 1990களில் கியூபாவில் உணவுக்கும் மின்சாரத்துக்கும் கடும் தட்டுப்பாடு. அந்தப் பஞ்ச காலத்தில்தான், 1993இல், செனைதா ரொமேயு என்னும் பெண்மணி 'கமெராத்தா ரொமேயு' என்ற தந்தி வாத்தியக் குழுவைத் தொடங்கினார். அதில் வாசிப்பவர் அனைவரும் பெண்கள். பழைய ஹவானாவில் முன்பு புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயமாக இருந்து, இசை அரங்கமாக மாறிய கட்டடம் அவர்கள் இருப்பிடமாயிற்று. சுரத்தாளைப் பாராமல் மனப்பாடமாகவே வாசிப்பது அவர்கள் வழக்கம். அது கிடார் குழு அன்று. வயலின் குடும்பத்து வாத்தியங்கள். இருப்பினும் "முதலில் வசதி வரட்டும், பிறகு இசை" என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி, "இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாது" என்பாரும் உளர். அவர்களை நாங்கள் அதிக தூரம் அழைத்துச் செல்லப்போவதில்லை. பக்கத்திலிருக்கும் மணலிக்கு வந்தால் போதும்.

மணலி என்றால் இன்று என்ன நினைவுக்கு வருகிறது? சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே முத்துகிருஷ்ண முதலியார் என்னும் செல்வர் வாழ்ந்தார். அவர் ராமஸ்வாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்து வந்து ஆதரித்தார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம் முத்துஸ்வாமி தீட்சிதரும் அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும். கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு தொடர்பு கொண்டிருந்த முதலியாரின் மகன், கோட்டையில் ஐரோப்பியர் வாசித்த பாண்டு இசையைக் கேட்க அந்த இளைஞர்களை அழைத்துச் சென்றார். பாலுஸ்வாமிக்கு அந்த அந்நிய வாத்தியமான வயலின்மீது ஆசை பிறந்தது. உடனே ஓர் ஐரோப்பியரை அமர்த்திக் கற்பிக்க ஏற்பாடாயிற்று. சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இந்த வரலாற்றைச் சொல்கிறது. தஞ்சை வடிவேலு போன்றோருக்கும் இதில் பங்குண்டு என்றாலும், கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்த முதல் வாசல்களுள் ஒன்று நம் மணலி. அண்ணன் முத்துஸ்வாமி சும்மா இருந்தாரா? அந்தப் பாண்டு மெட்டுகளுக்கே வடமொழியில் சொற்கட்டு அமைத்தார். ஏறத்தாழ நாற்பது நோட்டுஸ்வரங்கள் இன்றும் வழங்குகின்றன. ஆங்கிலேயரின் தேசிய கீத மெட்டும் அவற்றுள் ஒன்று.

இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியைக் கற்பனை செய்ய முடியுமா? அன்று மணலியில் யாராவது "இது வெள்ளைக்காரன் வாத்தியம், கீழே வை" என்று அந்தப் பிள்ளையைத் தடுத்திருந்தால்? பின்னாளில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சிறுவனாக மேடையேறி மாண்டலினுக்கும் அதே வழியைத் திறந்தார். கிடாரிலும் பிரசன்னா கர்நாடக இசையை வாசித்துக் காட்டிவிட்டார். வாத்தியம் எந்த ஊரில் பிறந்தது என்று பார்ப்பதைவிட, நம் ஊரில் அது யார் கையில் வளர்கிறது என்று பார்ப்பதே முறை.

அடுத்து, பெண்ணும் தந்தியும். இதற்கும் வெகுதூரம் போகவேண்டியதில்லை. திருவொற்றியூர், தியாகராஜ சுவாமிகள் வந்து தம் சீடர் வீணை குப்பையர் ஆதரவில் தங்கிய ஊர். தாயார் திரிபுரசுந்தரிமீது அவர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் ஊர்ப் பெயராலேயே வழங்குகின்றன. அங்கிருந்து தெற்கே வந்தால் ஜார்ஜ் டவுன். அங்கேதான் வீணை தனம்மாள் (1867-1938) வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வீணை கேட்கப் பெரிய வித்துவான்களும் வந்து காத்திருந்தார்கள். மீட்டும்போது நகத்தின் ஓசைகூடக் கேட்கலாகாது என்று பார்த்துப் பார்த்து வாசித்தவர் என்பார்கள். வீணைக்குப் பித்தளை மெட்டுகள் இருபத்து நான்கு. கிடாருக்கும் மெட்டுகள் உண்டு. இரண்டும் மீட்டும் வாத்தியங்கள். இரண்டும் மடியோடு அணைத்துக்கொள்ளும் வாத்தியங்கள். வீணை பெண்மைக்கு அடையாளம், கிடார் ஆண்மைக்கு அடையாளம் என்று பிரித்தது எந்த நியாயம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கடம் பெண்களுக்கு ஆகாது என்றிருந்த காலத்தில் சுகன்யா ராம்கோபால் அதைக் கற்று, பெண்களைக் கொண்டே ஒரு தாள வாத்தியக் குழுவையும் அமைத்தார். அவர் கையிலும் மண் பானை உடையவில்லை.

குழு இசை நமக்குப் பழக்கமில்லை என்பதும் முழு உண்மையன்று. 1952இல் அகில இந்திய வானொலி தன் வாத்திய விருந்தத்தை அமைத்தது. ஈமனி சங்கர சாஸ்திரி போன்ற வீணை மேதைகள் அதற்கு இசையமைத்தார்கள். நம் சினிமா இசையில் கிடாரின் பங்கைச் சொல்லத் தொடங்கினால் இந்த மலரே போதாது. இளையராஜா முதலில் கிடார்க் கலைஞர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார்த் தேர்வு எழுதியவர். அவரே 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அன்று உலக மகளிர் நாள் என்பது தற்செயல்தான். எங்களுக்கு மட்டும் அது கண்ணில் பட்டுவிட்டது. ஏ.ஆர். ரகுமானின் அறக்கட்டளை வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் கற்பித்து 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா'வை உருவாக்கியிருக்கிறது. போற்றத்தக்க முயற்சி. ஆனால் அது நகரத்தின் அந்தப் பக்கம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது உண்மையே. அதற்காக ஏழாம் வகுப்புப் பெண்ணை வாரம் மூன்று மாலைகள் தனியே அனுப்பி, இரவு எட்டு மணி வரை வாசலில் நின்று காத்திருக்கக்கூடிய தாய்மார் நம் தெருக்களில் எத்தனை பேர்? மீன் ஏலத்துக்கு விடியலுக்கு முன்னே எழுபவர்களும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களும் நம் பெற்றோர். இசை அவர்கள் பிள்ளைகளைத் தேடி இந்தப் பக்கம் வரவேண்டும். வந்து இறங்கக்கூடிய இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

"பிளஸ் டூ நெருங்கும்போது இது எதற்கு?" என்ற கேள்வி வரும். வரட்டும். நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் தொடங்கச் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் தொடங்கச் சொல்கிறோம்.

செலவைப் பற்றியும் பேசுவோம். ஒரு புதிய பியானோவின் விலைக்கு இருபது முப்பது சாதாரணக் கிடார்கள் வாங்கலாம். கடற்காற்றில் இரும்புத் தந்தி வெகு சீக்கிரம் துருப்பிடித்துக் கையைக் கிழிக்கும். முறையான கிடாருக்குரிய நைலான் தந்திக்கு அந்தத் தொல்லை இல்லை. கீழ்த்தந்திகள் மூன்றில் சுற்றிய உலோகம் மட்டும் கறுக்கும். சிறு விரல்களுக்கும் நைலானே இதம். இடது காலை உயர்த்தி வைக்கச் சிறு முக்காலி வேண்டும். செங்கல்லைத் துணியில் சுற்றி வைத்தாலும் போதும், முயன்று பார்த்துவிட்டோம்.

உண்மையான இடைஞ்சல் நகம்தான்! கிடாரை முறையாக மீட்ட வலது கை விரல் நகங்கள் சற்று வளர்ந்திருக்கவேண்டும். திங்கட்கிழமை காலை வழிபாட்டு முடிவில் நடக்கும் நகச் சோதனையை நினைத்தால் எங்களுக்கே நடுக்கம். கிடார் வகுப்பில் சேரும் மாணவியரின் வலது கைக்கு மட்டும் விலக்கு அளிக்கவேண்டும் என்று எங்கள் தலைமை ஆசிரியை அவர்களைப் பணிவோடு வேண்டுகிறோம். இடது கையைத் தாராளமாகச் சோதிக்கலாம். தந்தியை அழுத்த அங்கே நகம் இருக்கவே கூடாது.

தற்போது எங்களிடம் மூன்று கிடார்கள் உள்ளன. இரண்டு இரவல்; ஒன்றில் ஐந்து தந்திகள்தாம். பாட்டு அறை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் காலியாகத்தான் இருக்கிறது. நம் பழைய மாணவியர் எவர் வீட்டிலேனும் அண்ணனோ தம்பியோ வாசித்துவிட்டுப் பரண்மேல் போட்ட கிடார் இருந்தால், ஜூன் மாதத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தந்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.